எடுத்ததை யாரு பாக்கப் போறா?

ரெண்டு கையிலயும் ரப்பர் உறை. அதை வாளித் தண்ணியில ஒரு முக்கு முக்கிட்டு, சொட்டச் சொட்ட ஒரு கேமராவைத் தூக்கி, ஸ்டோர் அக்கா பட்டனைத் தேடுறாங்க. பட்டன் கிடைக்கல. திரையில விரலை வெச்சு அழுத்துறாங்க. கேமரா சும்மா இருக்கு. இன்னும் கொஞ்சம் பலமா அழுத்துறாங்க. கேமரா திடீர்னு பாஷையை மாத்திக்கிட்டு, அக்காவுக்கு ஜென்மத்துல தெரியாத எழுத்துல ஏதோ கேள்வி கேக்குது.

"ஹ்ம். சரி. அடுத்தது."

இதை ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேக்கறேன். எனக்கும் அக்காவுக்கும் நடுவுல ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி ஸ்டோர், இந்தப் பக்கம் நான் உக்காந்திருக்கிற டெலிபோன் போர்டு. அக்கா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, 'ஏ போர்டு'தான். அந்த 'ஹ்ம்' மூக்குல பிறந்து தொண்டையில செத்துப் போகும். 'சரி', முதுகுல யாரோ மூட்டை ஏத்தின மாதிரி வரும். 'அடுத்தது' மட்டும் கொஞ்சம் நிமிந்து நிக்கும். கேன்டீன்ல நான் இதைப் பண்ணிக் காட்டினா, பாத்திரம் கழுவறவங்கள்ல இருந்து சர்ஜன் வரைக்கும் சிரிப்பாங்க. ஒரு தடவை அக்கா முன்னாடியே பண்ணினேன். சிரிக்கல. "இன்னும் கொஞ்சம் அலுப்பு வேணும்டி"ன்னு திருத்தினாங்க.

அக்காவுக்கு அம்பத்திரண்டு வயசு. கண்ணாடி கயித்துல தொங்கும். சாயங்காலமானா கணுக்கால் வீங்கிடும். அதனால குளுக்கோஸ் பாட்டில் வந்த அட்டைப்பெட்டி ஒண்ணைக் கவுத்துப் போட்டு, அது மேல காலைத் தூக்கி வெச்சுக்கிட்டுதான் வேலை. சுத்திலும் பஞ்சு மூட்டை, கட்டுத்துணி மூட்டை, படுக்கை விரிப்பு. அந்த அறையில கத்தினாக்கூட சத்தம் பாதிதான் கேக்கும். கையில எப்பவும் ஒரு பிளாஸ்திரி உருண்டை இருக்கும். எதைப் பார்த்தாலும் ஒரு துண்டு கிழிச்சு ஒட்டி, அது மேல பேனாவால எழுதிடுவாங்க. ஃபேன் சுவிட்சுல 'மெதுவா'. நாற்காலியில 'ஒரு கால் ஆடும்'. சாப்பாட்டு டப்பாவுல 'இதுல ஒண்ணும் இல்ல'. அந்த டப்பாவை மட்டும் இதுவரைக்கும் ஒருத்தரும் திறந்ததில்ல.

இப்ப மேசை மேல இருக்கிற ஏழு கேமராவுக்கும் பிளாஸ்திரி ஒட்டிப் பேர் வெச்சாச்சு. கடைக்காரங்க பத்து நாள் வெச்சுப் பார்த்துட்டுச் சொல்லுங்கன்னு அனுப்பினது. நாலு பிரிவுக்கு நாலு பொறுக்கணும். 'குண்டன்', 'ஊமை', 'தொட்டாச்சிணுங்கி', 'பேட்டரிதின்னி' இப்படிப் போகுது வரிசை. தொட்டாச்சிணுங்கிதான் இப்ப பாஷை மாத்தினது. ஓரமா, எந்த அலங்காரமும் இல்லாம, சோப்புக்கட்டி மாதிரி ஒண்ணு உக்காந்திருக்கு. அதுக்குப் பேர் 'பட்டுன்னு'.

"ஏங்க்கா இதுக்கு இந்தப் பேரு?"

"எங்க நாத்தனார் மாதிரி. மனசுல ஒண்ணும் வெச்சுக்காது. மூஞ்சிக்கு நேரா சொல்லிடும்."

கேமரா வாங்கறது அக்கா வேலையில ஒரு துளி. பஞ்சு வாங்கணும், ஊசி வாங்கணும், பினாயில் வாங்கணும். ஆனா போன வருஷம் ஆஸ்பத்திரிக்கு ஆறு கேமரா வாங்கினாங்கல்ல, அதுலேர்ந்து ஊர் முழுக்க அக்காகிட்டதான் கேக்குது. எம்பிபிஎஸ் படிச்சவங்களை வழியில நிறுத்தி நாக்கை நீட்டுவாங்களே, அந்த மாதிரி. அக்காவோட கொழுந்தனார் வாரத்துக்கு ரெண்டு தடவை போர்டுக்குப் போன் போடுவார். அவர் குரல் இப்படி, எப்பவும் பஸ்ஸைப் பிடிக்க ஓடற குரல்: "அண்ணி, அண்ணி, ஒரே நிமிஷம். எனக்கு ஒரு கேமரா சொல்லுங்க அண்ணி. குழந்தையையும் எடுக்கணும், மலையையும் எடுக்கணும், பறவையும் எடுக்கணும், பாக்கெட்லயும் போகணும். எல்லாத்துக்கும் ஒண்ணே போதும் அண்ணி."

"ஏன்ப்பா, குளிக்கப் போறதுக்கும் ஆபீஸ் போறதுக்கும் ஒரே செருப்பா போட்டுக்கறே?"

"ஆமா அண்ணி."

"ஹ்ம். சரி. வை போனை."

மத்தவங்க வந்து கேட்டா மூணு கேள்வி கேப்பாங்க, பல்லவி மாதிரி. எதை எடுக்கப் போறே? யாரு எடுக்கப் போறா? எடுத்ததை யாரு பாக்கப் போறா? முதல் ரெண்டுக்கும் ஆளுங்க டக்குனு பதில் சொல்லிடுவாங்க. மூணாவதுக்குத்தான் முழிப்பாங்க. அதைக் கேக்கும்போது மட்டும் அக்கா கண்ணாடியைக் கழட்டிட்டுக் கேப்பாங்க. போன வருஷம் வரைக்கும் ரெண்டு கேள்விதான் இருந்துச்சு.

நாலு பிரிவுலயும் அக்கா நேர்ல போய் நின்னு பார்த்தாச்சு. பல் டாக்டர் வாய்க்கவசத்தைக் கழட்டாமலே பேசுவார்: "ம்ம்ணாடி உள்ள வெச்சா... ம்ஃபிளாஷ் திருப்பி அடிக்குது... எனக்கு ம்மூணு கை இல்ல." அவர் வாய்க்குள்ள சின்னக் கண்ணாடி வெச்சு, அதுல தெரியற கடைவாய்ப் பல்லைப் படம் எடுக்கணும். வெளிச்சம் பக்கவாட்டுல வந்தா பாதிப் பல்லு இருட்டு. லென்ஸைச் சுத்தி வளையம் மாதிரி விளக்கு இருக்கிறது வேணும். பச்சைக்குழந்தை வார்டுல பெரிய நர்ஸ், வீட்டுலகூட ரகசியக் குரல்லதான் பேசுவாங்கன்னு கேள்வி: "க்ளிக்குனு ஒரு சத்தம் வந்தாப் போதும், பன்னெண்டு குழந்தையும் எழுந்துக்கும். அப்புறம் நீங்க வந்து தூங்க வைப்பீங்களா, ஸ்டோர் மேடம்?" அங்கே ஃபிளாஷும் கூடாது, சத்தமும் கூடாது. அதான் ஊமை. ஆபரேஷன் தியேட்டர்ல நர்ஸ் நேர் எதிர், ஏழு கதவுக்கு அப்பால நிக்கறவங்களுக்குச் சொல்ற மாதிரி: "கை ஈரமா இருக்கும்! உறை போட்டிருப்பேன்! நான் பட்டனைப் பாக்க மாட்டேன், பட்டன்தான் என்னைப் பாக்கணும்!" அதுக்குத்தான் இந்த வாளியும் ரப்பர் உறையும். குண்டன் பாஸ். குண்டன் பட்டன் ஒவ்வொண்ணும் மாத்திரை சைஸு.

நாலாவது, புண் கட்டற அறை. அங்கேதான் அக்காவோட பிரச்சினை.

செவ்வாய், வெள்ளி, ரெண்டு நாளும் காலையில பத்தரை மணிக்கு அக்கா எழுந்து, செருப்பை மாட்டிக்கிட்டு, அந்த வீங்கின காலோட ரெண்டு கட்டடம் தாண்டிப் போவாங்க. எங்கேன்னு கேட்டா, "பேட்டரி பாக்க." பதினொண்ணுக்குத் திரும்பி வந்து, காலைப் பெட்டி மேல தூக்கி வெச்சுக்கிட்டு, கண்ணை மூடி ஒரு நிமிஷம் உக்காருவாங்க. ஒரு வெள்ளிக்கிழமை காய்ச்சல்ல லீவு சொன்னாங்க. நானும் நிம்மதியா என் நாற்காலிக்கும் அக்கா நாற்காலிக்குமா தாவிக்கிட்டு இருந்தேன். சரியா பத்து இருபதுக்கு ஆட்டோவுல வந்து இறங்கறாங்க, கம்பளியைப் போத்திக்கிட்டு. போனாங்க. வந்தாங்க. அதே ஆட்டோவுல வீட்டுக்குப் போயிட்டாங்க. காய்ச்சலோட வந்து பாக்கற அளவுக்கு அது என்ன பேட்டரி?

அன்னிக்குக் கேக்கல. போன வாரம் கேட்டேன். ரப்பர் உறையைக் கழட்டிக்கிட்டே சொன்னாங்க.

போன வருஷம் வாங்கின ஆறும் ஒரே மாதிரி. அக்கா பொறுக்கினதுதான். எடுத்தா படம் பளிச்சுனு வரும், எடை குறைவு, யாரு வேணா எடுக்கலாம். ஆஸ்பத்திரியே கொண்டாடுச்சு. அடையாள அட்டைக்குப் புதுப் படம் எடுத்தப்ப ஒவ்வொருத்தரும் ரெண்டு காப்பி கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. நர்ஸ் ஹாஸ்டல் வார்டனுக்கு அந்தப் படத்தை வெச்சே மாப்பிள்ளை பார்த்து முடிச்சாச்சு. காரணம், அந்தக் கேமராவுக்குள்ள ஒரு வித்தை. தோல் நிறம் எங்கே தெரிஞ்சாலும் தானா தடவிவிடும். பரு, தழும்பு, சிவப்பு, கருப்பு எல்லாத்தையும் மொழுமொழுன்னு ஆக்கிடும். அக்கா அதுக்கு வெச்ச பேர் 'மேக்கப்'.

"என் அட்டையைப் பாரு." கழுத்துல தொங்கறதை நீட்டினாங்க. படத்துல அக்காவுக்குத் தாடையில தழும்பு இல்ல. நேர்ல இருக்கு, சின்ன வயசுல கொதிக்கற தண்ணி பட்டது, கட்டைவிரல் அகலம். "அன்னிக்கே பார்த்தேன்டி. தழும்பைக் காணோம். ஒரு நிமிஷம் நின்னு யோசிச்சிருக்கணும். நான் என்ன பண்ணினேன் தெரியுமா? வீட்டுக்குக் கொண்டுபோய் அவர்கிட்ட காட்டினேன். 'யாரு இந்தப் பொண்ணு'ன்னாரு. ரெண்டு பேரும் சிரிச்சோம்."

புண் கட்டற அறைக்கு ஒரு தையல்காரர் வருவார். சர்க்கரை வியாதி, வலது காலுல புண். டாக்டர் மாசத்துக்கு ஒரு நாள்தான் நேர்ல வருவார். மத்த வாரமெல்லாம் நர்ஸ் எடுக்கிற படத்தைப் பெரிய ஆஸ்பத்திரியில உக்காந்து பார்த்து மருந்து எழுதுவார். படத்துல சிவப்பு வாரா வாரம் குறைஞ்சுது. 'நன்றாக ஆறுகிறது, அதே மருந்து'ன்னு எழுதினார். அஞ்சாவது வாரம் நேர்ல வந்து கட்டைப் பிரிச்சுப் பார்த்தார். அன்னிக்கே ரெண்டு விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு. எல்லாரும் சர்க்கரை மேல பழியைப் போட்டாங்க. சர்க்கரை எதிர்த்துப் பேசாது.

"அன்னிக்கு நான் கட்டுத்துணி எண்ணப் போயிருந்தேன். அவரு காலு நேர்ல இருக்கு, பக்கத்துல கம்ப்யூட்டர்ல படம் இருக்கு. நேர்ல பார்த்தா எரியற அடுப்பு மாதிரி. படத்துல குழந்தை காலு மாதிரி. அப்பதான் என் தாடை ஞாபகம் வந்துச்சு."

"அதை அணைக்க முடியாதாக்கா?"

"முடியும். கேமராவை அணைச்சுட்டுத் திருப்பிப் போட்டா அதுவும் கூடவே வந்துடும். நர்ஸுங்களுக்கு வாரா வாரம் டியூட்டி மாறுது. பிளாஸ்திரி ஒட்டினேன், மருந்து கொட்டி அழிஞ்சு போச்சு. சொல்லிப் பார்த்தேன், தலையாட்டறாங்க, மறந்துடறாங்க. அவரு வர்ற நாள் செவ்வாயும் வெள்ளியும். அதான் நானே போய் அணைச்சுட்டு வரேன்." உறையை உதறிக் காயப்போட்டாங்க. "இப்ப மிச்ச பாதமாவது தங்குமான்னு படத்தைப் பார்த்துத்தான் முடிவு பண்றாங்க. நான் ஒரு நாள் செத்துகித்துப் போனா?"

"ஐயோ அக்கா."

"சாகறதுகூட வேண்டாம். பஸ் லேட்டானாப் போதும்."

ஆக, மேசை மேல இருக்கிற ஏழுலயும் அக்காவுக்கு முக்கியமானது பட்டுன்னுதான். அதுல தடவற வித்தையே கிடையாது. அதைச் சோதிக்க அக்கா தன் தாடையை எடுத்தாங்க, கணுக்காலை எடுத்தாங்க. சிவப்பு மை, பழைய ரசீது, தக்காளின்னு வெச்சு வெச்சு எடுத்துப் பக்கத்துல வெச்சு நிறத்தை ஒத்துப் பார்த்தாங்க. தக்காளி மூணு நாள்ல அழுகுச்சு. அழுகல் அப்படியே தெரிஞ்சுது. அன்னிக்குத்தான் அக்கா முகத்துல ஒரு சந்தோஷம் பார்த்தேன். அழுகின தக்காளியைப் பார்த்து.

ஆனா வாங்கணும்னா ஒரு கதவு தாண்டணும். அந்தக் கதவுக்கு அப்பால கொள்முதல் அதிகாரி. அவரை நாங்க 'ஒரேமாதிரி சார்'னு சொல்லுவோம். அவர் வாங்கின பேனா, நாற்காலி, குப்பைத்தொட்டி எல்லாம் ஒரே மாதிரி. மனுஷன் கெட்டவர் இல்ல. குரல் லிஃப்ட் மாதிரி, ஒவ்வொரு மாடியிலயும் நின்னு நின்னு போகும். புதன்கிழமை அவரே ஸ்டோருக்கு வந்தார்.

"அதாவது... என்னன்னா... நாலும் ஒரே மாதிரி வாங்கிட்டா, ஒரே சார்ஜர். ஒரே பேட்டரி. ஒண்ணு செத்தா இன்னொண்ணுலேர்ந்து கழட்டிப் போட்டுக்கலாம். நான் தப்பாச் சொல்றேனா?"

"தப்பில்ல சார்."

"நாலு விதமா வாங்கினா... என்ன ஆகும்... பல்லோட சார்ஜரை எவனாவது கொண்டுபோய்க் குழந்தைக்குச் சொருகுவான்."

"சொருகுவான் சார். பிளாஸ்திரி ஒட்டி வெச்சுடறேன்."

"பிளாஸ்திரி ஒட்டினா எல்லாம் சரியாயிடுமா?"

"ஆஸ்பத்திரிதானே சார்."

நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கிட்டேன். சார் சிரிக்கல. "போன வருஷ மாடலே இன்னும் கிடைக்குது. நல்லாத்தானே இருக்கு? என் அட்டைப் படமே அதுல எடுத்ததுதான்."

அக்கா பெட்டி மேலேர்ந்து காலை இறக்கினாங்க. சாருக்குக் காதுக்குக் கீழ, கழுத்துல, ஒரு கொப்புளம். ஒரு வாரமா இருக்கு, காலரை உள்ள மடிச்சு விட்டுக்கிட்டு நடக்கறார். "சார், கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க"ன்னு சொல்லி, அவர் ஏன்னு கேக்கறதுக்குள்ள மேக்கப்ல ஒண்ணு, பட்டுன்னுவுல ஒண்ணு எடுத்துட்டாங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டினாங்க.

சார் ரொம்ப நேரம் குனிஞ்சு பார்த்தார். "இதுல எங்கே போச்சு?"

"எங்கேயும் போகல சார். உங்க கழுத்துலதான் இருக்கு. படத்துல மட்டும் ஆறிடுச்சு."

அவர் கை தானா கழுத்துக்குப் போச்சு. அப்புறம் அக்கா தையல்காரர் விஷயத்தைச் சொன்னாங்க. சொல்லும்போது குரல்ல ஏத்தம் இறக்கம் ஒண்ணும் இல்ல, பஞ்சு கணக்கு ஒப்பிக்கற மாதிரி. நான் யாரு குரலையும் பிடிச்சுடுவேன். அந்தக் குரலைப் பிடிக்க முடியல.

சார் ஒரு நாற்காலியை இழுத்து உக்காந்தார். ஆடற நாற்காலி. அது ஆடினதைக்கூட அவர் கவனிக்கல. "வாங்கிடலாம்மா. ஆனா... என்னன்னா... வேற வேறயா வாங்கணும்னா விதிவிலக்குப் படிவம் போகணும். அதுல ஒரு கேள்வி இருக்கு. 'முன்பு வாங்கியது ஏன் பயன்படவில்லை, அதைத் தேர்வு செய்தவர் யார்?' அதை நீங்கதான் நிரப்பணும். மேல எல்லாரும் படிப்பாங்க." குரலை இறக்கினார். "பழுதுன்னு எழுதிடுங்க. ஒரே வார்த்தை. யாரும் கேக்க மாட்டாங்க. உங்களுக்கும் நல்லது."

"பழுதுன்னு எழுதினா கம்பெனிக்காரன் வந்து அதே மாடல்ல புதுசு குடுத்துட்டுப் போவான் சார். நல்லா வேலை செய்யற மேக்கப்பா குடுப்பான்."

சார் எழுந்தார். "வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள கையில வேணும்"னு மட்டும் சொல்லிட்டுப் போனார். போகும்போது காலரை மடிச்சு விட்டுக்கல.

வியாழக்கிழமை முழுக்க அந்தப் படிவம் மேசை மேல கிடந்துச்சு. அக்கா பஞ்சு எண்ணினாங்க. திரும்ப எண்ணினாங்க. மத்தியானம் வீட்டுக்காரர் போன் பண்ணினார். லைன் போட்டேன். அவர் வேன் ஓட்டறவர், ஹாரனுக்கு மேல பேசிப் பழகினவர், தடுப்பு தாண்டி எனக்கே கேக்குது: "என்னம்மா, எழுதிட்டியா?"

"இல்லங்க."

"வேலைக்கு எதுவும் வருமா?"

"தெரியல. மெமோ குடுக்கலாம். ஸ்டோரை விட்டு மாத்தலாம். மாத்தினாலும் எங்கேயாவது உக்கார நாற்காலி குடுப்பாங்க."

"அப்ப என்ன?"

"அந்தத் தையல்காரரு அதைப் பேப்பர்ல படிச்சு, இல்ல யாராவது சொல்லித் தெரிஞ்சுக்கக் கூடாதுங்க. அதான் யோசனை."

"ராத்திரி நான் சமைக்கறேன்"னு சொல்லிட்டு வெச்சுட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில படிவத்துல, பழுதுங்கற வார்த்தை இல்லாம, நடந்தது முழுக்க எழுதியிருந்துச்சு. அக்காவோட உருண்டை எழுத்து, பிளாஸ்திரியில எழுதற அதே எழுத்து, அடித்தல் திருத்தல் இல்லாம. பத்தரைக்கு எழுந்து செருப்பை மாட்டினாங்க. ஒரு கையில பட்டுன்னு, ஒரு கையில படிவம். "ஏ போர்டு, போர்டுல யாரையாவது உக்கார வெச்சுட்டுக் கூட வர்றியா? கால் வலிக்குது." அக்கா அப்படிக் கேட்டதே இல்ல. கேன்டீன் அண்ணனைப் போர்டுல உக்கார வெச்சுட்டுப் போனேன். வழியில என் தோளைப் பிடிச்சுக்கல. பக்கத்துல நடந்தேன், அவ்வளவுதான்.

தையல்காரர் உயரமான நாற்காலியில காலை நீட்டி உக்காந்திருந்தார். ஒல்லி ஆள், நாற்பத்தஞ்சு இருக்கும். சட்டைப் பையில ஊசி குத்தின ஒரு துணித்துண்டு. நர்ஸ் இன்னும் கட்டைப் பிரிக்கல. அக்காவைப் பார்த்ததும் பழக்கமா, "வாங்க மேடம், பேட்டரி பாக்க வந்துட்டீங்களா"ன்னார்.

அக்கா படிவத்தை நீட்டினாங்க. "இதைப் படிங்க. சாயங்காலம் மேல போகுது. அதுக்கு முன்னாடி நீங்க படிக்கணும்."

அவர் முதல்ல தாளோட மடிப்பை நகத்தால நீவிவிட்டார், துணியை நீவற மாதிரி. அப்புறம் வரி வரியா விரல் வெச்சுப் படிச்சார். ரொம்ப நேரம் ஆச்சு. நர்ஸ் கத்தரிக்கோலைத் தட்டுல வெச்சுட்டுக் காத்திருந்தாங்க.

"என் பேர் இல்லையே இதுல."

"நோயாளி பேர் எழுதக் கூடாது."

"உங்க பேர் இருக்கு."

"தேர்வு செய்தது யாருன்னு கேட்டிருக்கு."

தலையை ஆட்டினார். திரும்ப ஒரு தடவை மேலேர்ந்து பார்த்தார். "என் வீட்டுக்காரி அப்பவே சொன்னா மேடம். 'படத்துல இருக்கிறது உங்க காலே இல்லங்க, வேற யாரோ காலு'ன்னா. நான்தான் அவளைத் திட்டினேன். டாக்டரை விட உனக்குத் தெரியுமான்னு." தாளை மடியில வெச்சார். "எனக்கு வலிச்சுது. ராவெல்லாம் வலிச்சுது. ஆனா படம் நல்லா இருந்துச்சு பாருங்க. சரி, நமக்குத்தான் பொறுத்துக்கத் தெரியலன்னு நினைச்சேன்."

அக்கா வாயைத் திறந்தாங்க. அந்த 'ஹ்ம்' வரும்னு நான் காத்திருந்தேன். அது வரல.

"மிஷினை இப்ப இடது காலால மிதிக்கப் பழகிட்டேன்"னார் அவர். அக்காவைப் பார்த்துச் சொல்லல, கட்டுத்துணியைப் பார்த்துச் சொன்னார். "முதல்ல தையல் எல்லாம் பாம்பு மாதிரி போச்சு. இப்பப் பரவாயில்ல." படிவத்தைத் திருப்பிக் குடுத்தார். குடுக்கும்போது அக்கா முகத்தைப் பார்த்தார், அதுல கோபம் இருந்துச்சா இல்லையான்னு என்னால சொல்ல முடியல. "இன்னிக்கு எதுல எடுக்கப் போறீங்க?"

"இதுல. இன்னும் வாங்கல. பார்க்கறதுக்கு வந்தது."

"அசிங்கமாக் காட்டுமா?"

"இருக்கிறபடி காட்டும்."

"அப்ப எடுங்க."

நர்ஸ் கட்டைப் பிரிச்சாங்க. நான் ஒரு பார்வை பார்த்துட்டு ஜன்னல் பக்கம் திரும்பிட்டேன். அக்கா திரும்பல. நர்ஸுக்கு ஒரு கையில கேமரா, இன்னொரு கையால அவர் குதிகாலைத் தாங்கணும். புண்ணு எவ்வளவு பெருசுன்னு தெரிய, ஒவ்வொரு படத்துலயும் ஒரு காகித அளவுகோலைப் பக்கத்துல வெச்சு எடுக்கணும். அதைப் பிடிக்கத்தான் ஆள் இல்ல.

அக்கா படிவத்தை மேசையில வெச்சுட்டு, முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா அவர் காலடியில தரையில உக்காந்தாங்க. அளவுகோலைப் புண்ணோரமா வெச்சுப் பிடிச்சாங்க.

நர்ஸ் திரையைப் பார்த்தாங்க. "ஸ்டோர் மேடம், உங்க விரலு படத்துல விழுது. கொஞ்சம் உள்ள இழுத்துக்கோங்க."

அக்கா இழுக்கல.

"மேடம், விரலு. டாக்டருக்குப் போற படம்."

அக்கா புண்ணையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. கட்டைவிரல், படிவத்துல அவங்க பேர் மாதிரி, இருந்த இடத்துலயே இருந்துச்சு. நர்ஸ் என்னைப் பார்த்தாங்க, தையல்காரரைப் பார்த்தாங்க, அப்புறம் விரலோடயே சேர்த்து எடுத்துட்டாங்க.